ரோஜாக் குன்றில் குல் பாபா

குல்கந்து சாப்பிடாதவர்கள் நம் வயதுக்காரர்களில் குறைவு. வயிற்றுச் சூட்டுக்கு நல்லது என்று வீட்டில் ஒரு பாட்டில் இருக்கும். பீடாக் கடைக்காரர் வெற்றிலைக்குள் ஒரு துளி வைத்து மடிப்பார். பாரசீகத்தில் 'குல்' என்றால் ரோஜா, 'கந்த்' என்றால் சர்க்கரை. குலாப் என்பதிலும் அதே குல்தான். 'ஆப்' என்பது தண்ணீர். இந்தக் குல், கிழக்கே நம் ஊர் மருந்துக் கடை வரைக்கும் வந்தது போல மேற்கே துருக்கி மொழிக்குள் போய், அங்கிருந்து சுல்தானின் படையோடு கிளம்பி, ஐரோப்பாவின் நடுவில் இருக்கும் ஹங்கேரி நாடு வரை நடந்திருக்கிறது. அந்த நாட்டின் தலைநகரமான புடாபெஸ்டில், ஒரு குன்றின் மேல் அடங்கியிருக்கிறார் குல் பாபா என்ற முஸ்லிம் பெரியவர். பெயரை அப்படியே தமிழில் சொன்னால் ரோஜா அப்பா. அவர் இறந்தது 1541இல். கல்லறைக் கட்டடம் அடுத்த ஏழு வருஷங்களுக்குள் எழும்பியது. இன்றும் நிற்கிறது.

2019 மே மாதம் நானும் என் மனைவியும் அதைப் பார்த்தோம். மகள் குடும்பம் அப்போது அந்த ஊரில் இருந்தது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் என்பது இங்கே வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். எந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாலும், இது யார் பேரில் இருந்தது, எப்படிக் கைமாறியது என்று வில்லங்கம் போட்டுப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றும். குல் பாபாவின் கல்லறை அந்த வகையில் ஒரு அபூர்வமான சொத்து. எதிரி கைக்குப் போன பிறகும் இடிபடாமல் தப்பியது. ஏன் தப்பியது என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது.

முதலில் துருக்கியர் அங்கே எப்படிப் போனார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1526 ஆகஸ்ட் 29ஆம் தேதி மொஹாச் என்ற இடத்தில் சுல்தான் சுலைமானின் படை ஹங்கேரி ராஜாவின் படையை ஒரே பிற்பகலில் நொறுக்கியது. ராஜா லாயோஷுக்கு இருபது வயதுதான். தப்பி ஓடும்போது வெள்ளம் வந்த ஓடையில் விழுந்து செத்தார். அதன் பிறகு நாட்டுக்கு இரண்டு ராஜாக்கள். ஒருவர் வியன்னா ஹாப்ஸ்பர்க் குடும்பத்து ஃபெர்டினாண்ட், மற்றவர் உள்ளூர்ப் பிரபு யானோஷ் ஸாபோயாய். ஸாபோயாய் 1540இல் இறந்தபோது பிள்ளை பிறந்து இரண்டு வாரம். அந்தக் கைக்குழந்தையின் பேரில் இருந்த புடா கோட்டையை ஃபெர்டினாண்டின் படை முற்றுகையிட்டது. குழந்தைக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு சுலைமான் வந்தார். முற்றுகைப் படையை விரட்டியும் விட்டார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. குழந்தை ராஜாவைப் பார்க்க வேண்டும் என்று சுல்தான் தன் கூடாரத்துக்கு அழைத்தார். பிரபுக்கள் குழந்தையோடு போனார்கள். அங்கே உபசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜானிசரிகள் என்ற சுல்தானின் காலாட்படை வீரர்கள் ஊர் சுற்றிப் பார்க்கிற மாதிரி இரண்டு பேர் மூன்று பேராகக் கோட்டைக்குள் நுழைந்து வாசல்களைப் பிடித்துக்கொண்டார்கள். தேதி, மொஹாச் நடந்த அதே ஆகஸ்ட் 29, வருஷம் 1541. பாலின்ட் தொரொக் என்ற முக்கியமான பிரபுவைக் கூடாரத்திலேயே நிறுத்திவைத்து இஸ்தான்புல் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவே இல்லை. அவர் எழுந்திருக்கப் பார்த்தபோது, 'இன்னும் கறுப்பு சூப்பு பாக்கி இருக்கிறது' என்று உட்கார வைத்தார்களாம். கறுப்பு சூப்பு என்றால் காப்பி. ஹங்கேரியில் இன்றைக்கும் 'இனிமேல்தான் இருக்கு உனக்கு' என்ற அர்த்தத்தில் இந்தக் கறுப்பு சூப்பைச் சொல்கிறார்கள். 1541இல் சுல்தான் கூடாரத்தில் காப்பி கொடுத்திருப்பார்களா என்று கேட்டால் கதை கொஞ்சம் ஆட்டம் காணும். ஆனால் பழமொழி என்னவோ பிழைத்துக்கொண்டது.

குல் பாபா அந்தப் படையோடு வந்தவர். அனடோலியாவில் மெர்ஸிஃபோன் என்ற ஊர்க்காரர் என்கிறார்கள். ஹாஜி பெக்தாஷ் வலியின் வழியில் வந்த பெக்தாஷி தர்வீஷ். ஜானிசரிகளுக்கும் பெக்தாஷிகளுக்கும் நெருங்கிய உறவு. படை போகும் இடமெல்லாம் இந்தப் பாபாக்களும் போவார்கள். பாடுவார்கள், பிரார்த்தனை செய்வார்கள், அடிபட்டவனுக்கு ஆறுதல் சொல்வார்கள், செத்தவனை அடக்கம் செய்யும்போது கூட நிற்பார்கள். புடா பிடிபட்ட சில நாளில், அங்கிருந்த பெரிய மாதா கோயிலை மசூதியாக்கி முதல் தொழுகை நடத்தியபோது குல் பாபா உயிர் பிரிந்தது என்று ஒரு கதை. இல்லை, அதற்கு முந்தைய சண்டையிலேயே கோட்டைச் சுவருக்குக் கீழே இறந்தார் என்று இன்னொரு கதை. சவப்பெட்டிக்குச் சுல்தானே தோள் கொடுத்தார், இரண்டு லட்சம் பேர் கூடினார்கள் என்று எழுதிவைத்தவர் எவ்லியா செலெபி என்ற துருக்கிய யாத்ரீகர். அவர் பிறந்ததே 1611இல். எண்ணிக்கை என்று வந்துவிட்டால் அவர் கை தாராளம். நான் அந்த இரண்டு லட்சத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். ஆனால் அவர் சொல்லும் இன்னொரு விவரம் என் மனதில் நின்றது. இரண்டாம் மெஹ்மத் காலத்திலிருந்து நாலு சுல்தான்களின் படையெடுப்புகளில் இவர் கூடப் போனார் என்கிறார். மெஹ்மத் இறந்தது 1481இல். கணக்குப் போட்டால் புடாவுக்கு வந்தபோது பாபாவுக்கு எண்பதுக்குக் குறைவாக இருக்க முடியாது. அந்த வயதில் அனடோலியாவிலிருந்து டான்யூப் நதிக்கரை வரை!

எனக்கு அப்போது அறுபத்தெட்டு. மார்கிட் பாலத்தின் புடா பக்கம் டிராமை விட்டு இறங்கினால் கல்லறை அதிகத் தூரம் இல்லை. ஆனால் அந்தக் கொஞ்ச தூரமும் மேலே. தொரொக் தெரு என்று ஒன்று. துருக்கியர் தெரு என்று அர்த்தம். அதிலிருந்து குல் பாபா தெரு பிரிந்து மேலே ஏறுகிறது. கருங்கல் பாவிய குறுகலான, செங்குத்தான சந்து. மேலே போனால் மெச்செட் தெரு, அதாவது மசூதித் தெரு. பக்கத்திலேயே தலைப்பாகைத் தெரு. மசூதியும் இல்லை, தலைப்பாகையும் இல்லை. பெயர்ப் பலகை மட்டும் காவல் நிற்கிறது. குன்றுக்கு ரோஜாதொம்ப் என்று பெயர், ரோஜாக் குன்று. ஊரிலேயே பணக்காரப் பேட்டை அது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் முப்பது வருஷத்துக்கு மேல் நாட்டை ஆண்ட யானோஷ் காதாரும் அந்தக் குன்றில்தான் குடியிருந்தார். நம்மூரில் போயஸ் தோட்டம் என்று சொல்வது போல வைத்துக்கொள்ளுங்கள். நான் பாதி ஏற்றத்தில் ஒரு வீட்டுத் திண்ணைப் படியில் உட்கார்ந்தேன். என் மனைவி உட்காரவில்லை. "ஏங்க, பழனி ஏறினவங்கதானே நீங்க?" என்றாள். அது 1988இல்.

மேலே போனதும் தோட்டம். எண்கோண வடிவில் சின்னதாக ஒரு கல் கட்டடம். அதன் மேல் தாழ்ந்த கும்மட்டம், உச்சியில் பிறை. சுற்றிலும் தூண் வரிசை கொண்ட மண்டபம், ரோஜாச் செடிகள், ஓடு பதித்த நீரூற்று, பாபாவுக்கு ஒரு சிலை. அங்கிருந்து பார்த்தால் கீழே டான்யூப், எதிர்க்கரையில் பாராளுமன்றத்தின் கோபுரம். இவ்வளவு பெரிய நகரத்துக்கு இவ்வளவு சின்னக் கட்டடமா என்றுதான் முதலில் தோன்றியது. உள்ளே பாபாவின் பெட்டிக்குப் பச்சைப் போர்வை, கம்பளம், சுவரில் அரபு எழுத்து. நாகூரில் பார்த்துப் பழகியவர்களுக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். சாம்பிராணிப் புகை இல்லை, மயில் தோகை இல்லை, கூட்டம் இல்லை. நாங்கள் போனபோது துருக்கியிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி மட்டும் இரண்டு கையையும் ஏந்தி நின்றுகொண்டிருந்தார்கள். முடித்து, கையை முகத்தில் தடவிக்கொண்டு, அந்தப் பெரியவர் என் மனைவியின் புடவையைப் பார்த்து "ஹிந்திஸ்தான்?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். மொழி அதற்கு மேல் போகவில்லை.

மொழி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஹங்கேரிக்காரர்கள் வீட்டுக்குள் போடும் செருப்புக்கு 'பபுச்' என்கிறார்கள். துருக்கியர் வழியாகப் போன பாரசீகச் சொல். நம் பாட்டிமார் செருப்பைப் 'பாப்பாஸ்' என்று சொன்னது நினைவிருக்கிறதா? அதே சொல். சட்டைப் பைக்கு அவர்கள் 'ஜெப்' என்கிறார்கள். நம் அப்பாக்கள் 'ஜேபி' என்றார்கள். துருக்கியரும் மொகலாயரும் போன பாதையில் செருப்பும் சட்டைப் பையும் இரண்டு பக்கமும் போயிருக்கின்றன.

இனி வில்லங்கத்துக்கு வருகிறேன். கல்லறையைக் கட்டச் சொன்னது புடாவை ஆண்ட துருக்கிய பாஷா. 1543க்கும் 1548க்கும் நடுவில். பக்கத்தில் தர்வீஷ்களின் மடம் ஒன்று இருந்தது. ஆக, முதல் அனுபவம் பெக்தாஷிகளுடையது. அது 1686 வரை. அந்த வருஷம் செப்டம்பர் 2ஆம் தேதி கிறிஸ்தவப் படைகள் புடாவை மீட்டன. மீட்டன என்று எளிதாக எழுதிவிடலாம், ஊர் தரைமட்டமானது. 145 வருஷ ஆட்சியில் துருக்கியர் கட்டிய மசூதிகளில் பெரும்பாலானவை அதன் பிறகு இருந்த இடம் தெரியாமல் போயின. வெந்நீர்க் குளியல் கட்டடங்கள் சில தப்பின. ருதாஷ் குளியலில் இன்றும் துருக்கியக் கும்மட்டத்துக்குக் கீழே ஊறலாம். அவை தப்பியது யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது. வெந்நீர் எந்த மதத்துக்காரனுக்கும் இதமாகத்தான் இருக்கும்.

கல்லறையால் யாருக்கு உபயோகம்? உபயோகம் கண்டுபிடித்தவர்கள் சேசு சபைப் பாதிரிமார். கட்டடம் அவர்கள் கைக்கு வந்தது. புனித சூசையப்பர் சிற்றாலயம் என்று பெயர் வைத்துப் பூசை செய்தார்கள். அவர்களுடைய மாதா கோயிலை இவர்கள் மசூதியாக்கினார்கள். இவர்களுடைய பெரியவரின் கல்லறையை அவர்கள் சிற்றாலயமாக்கினார்கள். பதிலுக்குப் பதில் என்று படித்தவுடன் தோன்றும். ஆனால் பத்திரம் பார்த்த கண்ணுக்கு வேறொன்றும் தெரிகிறது. பூசை நடக்கும் வரைக்கும் கூரை ஒழுகாது. ஒழுகினால் யாராவது கவனிப்பார்கள். பூட்டிக் கிடந்த வீடுகள்தான் எங்கள் ஊரில் முதலில் விழுந்தன. 1773இல் போப்பாண்டவர் சேசு சபையையே கலைத்தார். அதற்குள் ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் கடந்திருந்தது. அந்தத் தொண்ணூறு வருஷமும்தான் ஆபத்தான காலம்.

சுலைமானுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். குல் பாபாவுக்குத் தோள் கொடுத்ததாகச் சொல்லப்படும் அதே சுல்தான், 1566இல் தன் எழுபதுகளில், ஹங்கேரியின் தெற்கே சிகெத்வார் கோட்டையை முற்றுகையிட்டிருக்கும்போது கூடாரத்திலேயே இறந்தார். படை கலைந்துவிடக் கூடாது என்று மந்திரி சொகொல்லு மெஹ்மத் சாவை வாரக்கணக்கில் மறைத்துவைத்தார். உடல் பிறகு இஸ்தான்புல் போனது. கூடாரம் இருந்த இடத்தில், அதுவும் ஒரு குன்றின் மேல்தான், நினைவு மண்டபம் கட்டினார்கள். மசூதி, தர்வீஷ் மடம், காவல் வீரர்கள், சுற்றி ஒரு சின்ன ஊர் என்று எல்லாம் இருந்தது. 1690களில் அத்தனையும் பொருளுக்காக இடித்தெடுக்கப்பட்டது. இடம் எது என்பதே மறந்துபோனது. முன்னூறு வருஷத்துக்குப் பிறகு, 2015 வாக்கில்தான், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே தோண்டி அஸ்திவாரத்தைக் கண்டுபிடித்தார்கள். பேரரசனின் மண்டபம் அஸ்திவாரமாகிவிட்டது. அவன் கூட வந்த பாபாவின் கல்லறையில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றில் பூசை நடந்தது, மற்றதில் நடக்கவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு பெரிய காரணம் தெரியவில்லை.

சேசு சபைக்குப் பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலம் யானோஷ் வாக்னர் என்ற கட்டடக் கலைஞர் கைக்கு வந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் இவர்தான். கிறிஸ்தவர், சொந்த நிலம், குன்றின் மேல் நல்ல இடம். கல்லறையை இடித்துவிட்டு வீடு கட்டியிருந்தால் கேட்பாரில்லை. அவர் கல்லறையை நடுவில் விட்டுவிட்டுச் சுற்றித் தன் மாளிகையைக் கட்டினார். துருக்கி ராஜ்யத்திலிருந்து யாத்திரை வரும் முஸ்லிம்களைத் தன் நிலம் வழியாக உள்ளே விட்டார். நடைபாதைத் தகராறுக்காக அண்ணன் தம்பி ஆயுசு முழுக்கக் கோர்ட்டுக்கு அலைந்ததைப் பார்த்தவன் நான். முன்பின் தெரியாத தர்வீஷ்கள் தன் முற்றத்தைக் கடந்து போக ஒரு மனிதர் சம்மதித்தது சின்ன விஷயமாக எனக்குப் படவில்லை.

வாக்னர் காலத்தில் காற்றும் திசை மாறியிருந்தது. 1848-49இல் ஹங்கேரிக்காரர்கள் வியன்னாவுக்கு எதிராகக் கிளம்பினார்கள். ரஷ்யப் படை வந்து நசுக்கியது. தலைவர் கொஷுத் தப்பி ஓடியது எங்கே? பழைய எதிரியான துருக்கிக்கு. அங்கே இடம் கொடுத்தார்கள். 1877இல் ரஷ்யா துருக்கி மேல் பாய்ந்தபோது புடாபெஸ்ட் மாணவர்கள் துருக்கிக்காகத் தெருவில் இறங்கினார்கள். அதற்கு நன்றியாகச் சுல்தான் அப்துல் ஹமீது, பழைய ஹங்கேரி ராஜா மாத்யாஷின் நூலகத்திலிருந்து வந்த அருமையான ஏடுகள் உட்பட 35 கையெழுத்துப் பிரதிகளைப் புடாபெஸ்டுக்கு அனுப்பிவைத்தார். இந்த நட்பின் சூட்டில்தான் 1885இல் துருக்கி அரசாங்கம் கல்லறையைச் சீர்ப்படுத்த ஒரு ஹங்கேரியப் பொறியாளரை நியமித்தது. 1914இல் ஹங்கேரி அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. இரண்டு வருஷம் கழித்து, 1916இல், இஸ்லாத்தை அங்கீகரித்த மதங்களில் ஒன்றாகச் சட்டமும் போட்டது.

இதே காலத்தில் துருக்கியில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1826இல் சுல்தான் மஹ்மூத் ஜானிசரிப் படையை ஒழித்துக்கட்டினார். கூடவே பெக்தாஷி மடங்களையும் மூடினார். நூறு வருஷம் கழித்து, 1925இல், கமால் பாஷாவின் குடியரசு எல்லா தர்வீஷ் மடங்களையும் வலிமார் கல்லறைகளையும் பூட்டியது. கல்லறைகளில் சில 1950க்குப் பிறகுதான் திறந்தன. ஆக, பெக்தாஷி பாபா ஒருவர் தன் சொந்த நாட்டில் அடங்கியிருந்தால் பூட்டுக்குள் இருந்திருப்பார். தோற்கடித்த நாட்டில் அரசாங்கப் பாதுகாப்பில் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் கீழே மார்கிட் பாலம் வெடித்து ஆற்றில் விழுந்தது. கல்லறை அதையும் தாண்டியது.

ரோஜாக் கதைக்கு வருகிறேன். ஹங்கேரிக்கு ரோஜாவைக் கொண்டுவந்ததே குல் பாபாதான், அதனால்தான் ரோஜாக் குன்று என்று வழிகாட்டிகள் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. எண்பது வயதுப் பெரியவர் படையோடு வந்தார், வந்த சில நாளில் இறந்தார். எப்போது பதியன் போட்டார்? தலைப்பாகையில் ரோஜா செருகியிருப்பார், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். சூஃபிகளின் பேச்சில் ரோஜா இறைவனின் அழகுக்கு அடையாளம், பெயர் அங்கிருந்து வந்தது என்பார்கள். நான் இரண்டாவதன் பக்கம். ஆனால் 1905இல் யெனொ ஹுஸ்கா என்ற இசையமைப்பாளர் 'குல் பாபா' என்று ஒரு இசை நாடகம் போட்டார். ரோஜாத் தோட்டக்காரப் பாபா, காதல் எல்லாம் உண்டு. ஊரே பார்த்தது. 1940இல் சினிமாவாகவும் வந்தது. கோட்டையைப் பிடிக்க வந்த படையின் பாபா, பிடிபட்ட ஊர்க்காரர்களுக்குச் செல்லத் தாத்தாவாகிவிட்டார். சரித்திரம் படித்துச் சமாதானம் ஆனவர்களைவிட இந்த நாடகத்தைப் பார்த்துச் சமாதானம் ஆனவர்கள் அதிகமாக இருப்பார்கள்.

கடைசி வில்லங்கப் பதிவு 2018 அக்டோபரில். இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து புதுப்பித்த கல்லறையை ஹங்கேரிப் பிரதமர் ஓர்பானும் துருக்கி அதிபர் எர்தொகானும் சேர்ந்து திறந்துவைத்தார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான், சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் நடந்து வந்தவர்கள் நுழையாமல் தடுக்க அதே ஓர்பான் தெற்கு எல்லையில் முள்கம்பி வேலி போட்டார். வந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். எனக்கு அந்தத் திறப்பு விழாப் படத்தைப் பார்த்தபோது சிரிப்பதா என்று தெரியவில்லை. 1541இல் இறந்த முஸ்லிமுக்குக் கிடைத்த இடம், 2015இல் உயிரோடு வந்தவனுக்குக் கிடைக்கவில்லை. அன்று கைகூப்பி நின்ற அந்தத் துருக்கியத் தம்பதிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாக இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் பாபாவைப் பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள்.

பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போகும் சாக்கில் யாராவது புடாபெஸ்ட் போனால், மே கடைசியில் போங்கள், ரோஜா பூத்திருக்கும். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் குல் பாபா தெருவில் ஏற வேண்டாம். மேல் பக்கம் மெச்செட் தெரு வரை டாக்சி வரும். திரும்பும்போது அந்தக் கருங்கல் சந்தில் மெதுவாக இறங்கிக்கொள்ளலாம். கையில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.